ஆசான்கள் கட்டிய வட்டம்

1890 அக்டோபர் 11 அன்று, பிறந்து ஓராண்டுகூட நிறையாத பிரேசில் குடியரசு தன் தண்டனைச் சட்டத்தை வெளியிட்டது. நாடோடிகளுக்கும் கப்போயிரா ஆடுபவர்களுக்கும் என்று அதில் தனி அத்தியாயமே இருந்தது. தெருவிலோ பொது இடத்திலோ கப்போயிரா வித்தையைக் காட்டினால் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. கூட்டத்தின் தலைவனுக்கு இரு மடங்கு. மறுபடி பிடிபட்டால் கைதிகள் குடியேற்றத்தில் ஆண்டுக்கணக்கில் அடைப்பு. 2008 ஜூலை 15 அன்று அதே நாட்டின் தேசியப் பாரம்பரிய நிறுவனம், கப்போயிரா ஆசான்களின் பணியைப் பிரேசிலின் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் குற்றவாளியாக இருந்தவர் அறிவின் காவலராக ஆகியிருக்கிறார். இந்த மாற்றத்துக்கு வழக்கமாக மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அடிமைகள் சண்டைக் கலையை நடனம்போல் மறைத்துக் காப்பாற்றி வைத்தார்கள் என்பது ஒன்று. வேறெந்தக் கலையாலும் வெல்ல முடியாத சண்டைத் திறன் அதைக் காத்தது என்பது இரண்டாவது. அரசு மனம் மாறி அதை ஏற்றுக்கொண்டது என்பது மூன்றாவது. ஆவணங்களையும் ஆசான்களின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தால் இம்மூன்றும் போதவில்லை. சால்வடோர் நகரின் ஏழை உழைப்பாளிகள் சிலர், தெருவில் சிதறிக் கிடந்த ஒரு வித்தையை ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கையளிக்கக்கூடிய ஒழுங்காகக் கட்டியெழுப்பினார்கள். கப்போயிரா பிழைத்தது அதனால்தான். அந்தக் கட்டுமானத்துக்கு உரிய விலையை அவர்கள் வாழ்நாளில் யாரும் கொடுக்கவில்லை.

இன்று கப்போயிரா என்றால் நம் கண்முன் வருவது ஒரு வட்டம். அதை ரோடா என்பார்கள். நடுவில் இருவர், ஒருவர் உதையை மற்றவர் தடுக்காமல் வளைந்தும் தாழ்ந்தும் நழுவி, அந்த நழுவலையே எதிர் உதையாக மாற்றுகிறார்கள். வட்டத்தின் தலைமாட்டில் பெரிம்பாவ் ஒலிக்கிறது. வளைந்த கழி, அதில் இழுத்துக் கட்டிய ஒரே கம்பி, அடியில் சுரைக்குடுக்கை. ஆட்டம் வேகமாகப் போவதும் நிதானிப்பதும் நிற்பதும் அந்த வாத்தியத்தின் கட்டளைப்படிதான். கரும்புத் தோட்டத்து அடிமைகள் முதலாளியின் கண்ணில் மண் தூவ இந்த இசையைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் நகரத்தைத்தான் காட்டுகின்றன. 1789இல் ரியோ டி ஜெனிரோவில் ஆதாவ் என்ற அடிமை கப்போயிரா ஆடிய குற்றத்துக்காகச் சிறைப்பட்ட பதிவு இருக்கிறது. வரலாற்றாசிரியர் கார்லோஸ் எவ்ஜேனியோ லீபானோ சோவாரெஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரியோவின் காவல்துறைப் பதிவுகளைப் புரட்டி, கூலிக்கு அனுப்பப்பட்ட அடிமைகள், சுமை தூக்குவோர், கைவினைஞர் ஆகியோரின் தெரு வாழ்க்கையோடு பின்னிய ஒன்றாக அதை விரித்துக் காட்டினார். ஜெர்மானிய ஓவியர் ருகெண்டாஸ் 1835இல் வெளியிட்ட அச்சுப் படத்தில் இருவர் மோதுகிறார்கள், ஒருவர் மேளம் தட்டுகிறார். பெரிம்பாவ் அந்தப் படத்தில் இல்லை. அடிமை முறை ஒழிந்தபின் 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ரூய் பார்போசா அடிமைத்தனப் பதிவேடுகளை எரிக்க ஆணையிட்டது உண்மை. அதனால் கப்போயிராவின் கடந்த காலமே சாம்பலாகிவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் கைது செய்தவர்களின் ஏடுகள் எரியவில்லை. அவை காட்டும் கப்போயிரா, மாறாமல் பொத்திவைத்த புதையல்போல் இல்லை. ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை உருமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ரியோவில் அது எடுத்த உருவம் கடுமையானது. நாகோவா, குவாயாமு என்ற இரு பெரும் அணிகளாக நகரத்தின் பேட்டைகளைக் கப்போயிரா கூட்டங்கள் பங்கிட்டுக்கொண்டன. உதையோடு கத்தியும் தடியும் உண்டு. அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் மட்டும் இந்தக் கூட்டங்களில் இருந்ததாக எண்ண வேண்டாம். போர்ச்சுக்கலிலிருந்து வந்து குடியேறிய ஏழைகளும், சில வேளை மேட்டுக்குடி இளைஞர்களும் சேர்ந்திருந்தார்கள். தேர்தல் நாட்களில் அரசியல்வாதிகள் இவர்களைப் பயன்படுத்தினார்கள். 1864 முதல் 1870 வரை நடந்த பராகுவே போருக்கு இவர்களில் பலரைப் பிடித்துப் படையில் தள்ளினார்கள். உயிரோடு திரும்பியவர்கள் போர்வீரர் என்ற மதிப்போடு மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். 1888இல் அடிமை முறை ஒழிந்தது. மறு ஆண்டு முடியாட்சி கவிழ்ந்தது. முடியாட்சிக் கட்சிகளோடு தொடர்புள்ளவர்கள் என்று கருதப்பட்ட இந்தக் கூட்டங்களை ஒழிப்பது குடியரசின் முதல் வேலைகளில் ஒன்றாயிற்று. ரியோவின் காவல்துறைத் தலைவர் சம்பாயோ ஃபெராஸ், சட்டம் வருவதற்கு முன்பே அவர்களைப் பிடித்து அட்லாண்டிக் நடுவில் இருக்கும் ஃபெர்னாண்டோ டி நோரோன்யா தீவுக்கு நாடுகடத்தத் தொடங்கிவிட்டார். கூட்டத்தின் பலத்தில் நின்ற கப்போயிரா, கூட்டம் கலைந்ததும் நிலைகுலைந்தது. அதைக் கற்றுக்கொடுப்பதற்கென்று கூட்டத்துக்கு அப்பால் ஓர் அமைப்பு அங்கே இருக்கவில்லை.

வடகிழக்கில் பஹியா மாநிலத்தின் தலைநகரான சால்வடோரிலும் இதே சட்டம்தான். ஆனால் அங்கே கப்போயிரா துறைமுகத்திலும் சந்தையிலும் திருவிழா முற்றத்திலும் வாழ்ந்தது. ஆடியவர்கள் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவோர், மீனவர், தச்சர், கொத்தனார், வண்டி ஓட்டுவோர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை லினன் உடை உடுத்தி வந்து, ஒரு பொட்டு மண் ஒட்டாமல் ஆடிவிட்டுப் போவது திறமையின் அடையாளம். முறையான பாடம் கிடையாது. வட்டத்தின் ஓரத்தில் நின்று கண்ணாலும் காதாலும் கற்றுக்கொள்வதுதான் வழி. மூத்தவர் ஒருவர் மனமிரங்கினால் கையைப் பிடித்து ஓர் அசைவைச் சொல்லித் தருவார். அவரை மெஸ்திரே, அதாவது ஆசான், என்று அழைப்பது மரியாதையால். அதுவே அவருக்குச் சோறு போடும் தொழிலாக இருக்கவில்லை. 1920களின் முற்பகுதியில் காவல் அதிகாரி பெட்ரோ டி அசெவெடோ கோர்டில்யோ, ஆப்பிரிக்க வழிபாட்டு மனைகளையும் கப்போயிரா வட்டங்களையும் ஒருசேர வேட்டையாடினார். குதிரைப் போலீஸ் வருகிறது என்று எச்சரிக்கக் குளம்படி ஓசையைப்போல் ஒலிக்கும் கவலரியா என்ற பெரிம்பாவ் தாளம் இன்றும் கற்றுத்தரப்படுகிறது. சாண்டோ அமாரோ ஊரின் மனுவேல் என்ரிக்கே பெரெய்ரா, வண்டு என்று பொருள்படும் பெசோரோ என்ற பட்டப்பெயரால் புகழ்பெற்றவர், 1924இல் கத்திக்குத்தால் இறந்தார். தோட்டாவும் துளைக்காத உடல் கொண்டவர், நினைத்தால் வண்டாக மாறிப் பறந்துவிடுபவர் என்று பாட்டும் கதையும் அவரைப் பற்றி வளர்ந்தன. இந்தத் தலைமுறை நமக்குத் தந்தது வீரக் கதைகளை. வித்தையை அடுத்தவருக்கு முறையாகச் சேர்க்கும் ஏற்பாடு இனிமேல்தான் வரவேண்டியிருந்தது.

அந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர் மனுவேல் தோஸ் ரெயிஸ் மஷாடோ, உலகம் அறிந்த பெயரில் ஆசான் பிம்பா. சால்வடோரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர். தந்தை, காலால் எதிராளியை வீழ்த்தும் பட்டுக்கே என்ற ஆட்டத்தில் பேர்பெற்றவர். பிம்பாவுக்குக் கப்போயிரா கற்றுத்தந்தவர் பெந்தீன்யோ என்ற ஆப்பிரிக்கர். துறைமுகக் கூலி, தச்சு எனப் பல வேலைகள் செய்த பிம்பா, தன் காலத்துத் தெரு ஆட்டம் சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கையாகத் தேய்ந்து வருகிறது என்று கருதினார். பட்டுக்கேயின் கூறுகளைச் சேர்த்து, பஹியாவின் பிராந்தியச் சண்டை என்ற பெயரில் புதிய முறையை வகுத்தார். 1932இல் பயிற்சிக்கூடம் திறந்தார். 1936இல் போட்டி மேடையேறி எதிராளிகளை வென்றார். 1937இல் மாநிலக் கல்வித் துறையிடம் தன் கூடத்தை உடற்பயிற்சி மையமாகப் பதிவு செய்துகொண்டார். தண்டனைச் சட்டத்தில் கப்போயிரா குற்றமாக இருந்த காலத்திலேயே நடந்த பதிவு இது. ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வேறு. ஒரு புதியவனை அடிப்படை அசைவிலிருந்து தொடங்கி, இருவராக ஆடும் தொடர்ப் பயிற்சிகள் வழியாக வட்டத்துக்குள் கொண்டுவரும் பாடமுறையை அவர் வகுத்தார். முதன்முதலாக வட்டத்தில் ஆடும் நாளுக்கு ஞானஸ்நானம் என்று பெயர் வைத்தார். பயிற்சி முடித்தவருக்குக் கழுத்துத் துணி அணிவித்து, உறவினர் கூடியிருக்கப் பட்டமளிப்பு நடத்தினார். கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு கூலித் தொழிலாளி, கல்விக்குரிய சடங்குகள் அத்தனையையும் தன் வித்தைக்கு உரியதாக்கினார்.

பிம்பாவின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டு வலுவானது. அவர் கப்போயிராவைக் கறுப்பின மக்களின் தெருவிலிருந்து பெயர்த்து, நடுத்தர வகுப்பு வெள்ளையர்களின் உடற்பயிற்சியாக மாற்றிவிட்டார் என்பார்கள். இதில் உண்மை உண்டு. மாணவராகவோ வேலையில் இருப்பவராகவோ சான்று காட்டினால்தான் அவர் கூடத்தில் சேர முடியும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நிறைய வந்தார்கள். படை அதிகாரிப் பயிற்சியாளர்களுக்கும் அவர் கற்றுத்தந்தார். தேசியப் பெருமை பேசிய அதிபர் ஜெதூலியோ வர்காஸின் ஆட்சிக்கு இது பிடித்தமான உருவம். இருந்தாலும் குற்றச்சாட்டு இரண்டு விஷயங்களைக் காணத் தவறுகிறது. முதலாவது, ஆடுபவன் பொறுக்கி என்று சட்டமே எழுதிவைத்திருந்த நாளில், என் மாணவன் படிப்பவன் அல்லது உழைப்பவன் என்று காட்டுவதைத் தவிர ஓர் ஆசானுக்கு வேறு பாதுகாப்பு இருக்கவில்லை. இரண்டாவது, கூடத்தின் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது. வெள்ளைய மருத்துவ மாணவன் ஒரு கறுப்பினத் தொழிலாளியை ஆசானே என்று அழைத்து, அவர் வகுத்த விதிக்குக் கீழ்ப்படிந்து, அவர் மீட்டும் பெரிம்பாவுக்கு ஆடினான். அடிமை முறை ஒழிந்து ஐம்பது ஆண்டுகூட ஆகாத நகரத்தில் இது சிறிய விஷயமல்ல. பிம்பா இசையைக் கைவிடவில்லை. ஒரு பெரிம்பாவும் இரண்டு பாண்டெய்ரோ கஞ்சிராக்களும் அவர் வட்டத்தில் கட்டாயம். ஆப்பிரிக்க வழிவந்த காண்டோம்ப்ளே வழிபாட்டோடு தனக்கிருந்த உறவையும் விடவில்லை. நகரின் ஓரத்தில் இருந்த ஏழைப் பகுதியான நோர்டெஸ்டே டி அமராலினாவிலும் கற்றுத்தந்தார்.

இரண்டாவது பெரும் ஆசான் விசெந்தே ஃபெரெய்ரா பஸ்தீனியா. 1889 ஏப்ரல் 5 அன்று சால்வடோரில் பிறந்தவர். தந்தை ஸ்பானியச் சிறுவணிகர், தாய் பஹியாவின் கறுப்பினப் பெண். தெருவில் தன்னைவிட வலுத்த ஒரு பையனிடம் தினம் அடிவாங்கிய சிறுவனை, அங்கோலாவிலிருந்து வந்த பெனெடிட்டோ என்ற முதியவர் அழைத்துக் கப்போயிரா கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து இருபதாவது வயதை ஒட்டி வெளியேறினார். பின் காலணி துடைத்தல், தையல், கட்டட வேலை, சூதாட்ட விடுதிக் காவல் என்று பிழைப்பு நடந்தது. ஓவியமும் தெரியும். நீண்ட காலம் விலகியிருந்த அவரை 1941 பிப்ரவரி 23 அன்று லிபர்டாடே பகுதியில் ஜென்ஜிபிர்ரா என்ற இடத்தில் நடந்த வட்டத்துக்கு அவருடைய மாணவர் அபெர்ரே அழைத்துப்போனார். அங்கே மூத்த ஆசான்கள் கூடியிருந்தார்கள். அந்த வட்டத்தின் பொறுப்பாளரான அமோர்சீன்யோ, நகரக் காவலர் வேலை பார்த்தவர், அதை பஸ்தீனியாவிடம் ஒப்படைத்தார். அதிலிருந்து கப்போயிரா அங்கோலா விளையாட்டு மையம் பிறந்தது. 1952இல் முறைப்படி பதிவானது. 1955இல் பெலோரீன்யோ சதுக்கத்தின் 19ஆம் எண் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது.

பஸ்தீனியாவின் அங்கோலா முறைதான் மூலம், பிம்பா அதிலிருந்து விலகியவர் என்று இன்றும் பலர் பிரித்துப் பேசுகிறார்கள். இரண்டு முறைகளின் வேறுபாடு உண்மையானது. அங்கோலாவில் ஆட்டம் தாழ்ந்தது, நிதானமானது. சூதும் சடங்கும் நிறைந்தது. மூன்று பெரிம்பாவ்கள் ஒலிக்கும். தொடக்கப் பாடல் முடியும்வரை இரு ஆட்டக்காரர்களும் வாத்தியங்களின் காலடியில் குந்தியிருக்க வேண்டும். ஆனால் பஸ்தீனியா எதையும் தொடாமல் அப்படியே காத்தார் என்பதை அவர் செய்த வேலைகளே மறுக்கின்றன. மையத்துக்கு விதிமுறை எழுதி அரசிடம் பதிவு செய்தார். தான் நேசித்த இப்பிராங்கா கால்பந்துக் கழகத்தின் கறுப்பையும் மஞ்சளையும் எடுத்து மாணவர்களுக்குச் சீருடை தந்தார். பொறுப்புகளைப் பங்கிட்டார். கத்தியும் வன்மமும் வட்டத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்தார். நினைவுகளையும் சிந்தனைகளையும் கையெழுத்துப் பிரதிகளாக எழுதி, படங்களும் வரைந்தார். 1964இல் கப்போயிரா அங்கோலா என்ற நூலை வெளியிட்டார். வெள்ளை லினனில் வந்த துறைமுகத் தொழிலாளி இவற்றில் ஒன்றையும் அறிந்தவரல்ல. மரபு என்ற சொல்லைக் கையில் ஏந்தி, பஸ்தீனியா ஒரு புதிய நிறுவனத்தைக் கட்டினார். புதுமை என்ற சொல்லைக் கையில் ஏந்தி, பிம்பா பழைய இசையையும் வட்டத்தையும் காத்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்ததாகத் தோன்றினாலும், செய்த காரியம் ஒன்றே. கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்த வித்தைக்கு ஒரு பள்ளியையும், அந்தப் பள்ளிக்குப் பொறுப்பான ஓர் ஆசானையும் அவர்கள் தந்தார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று மீண்டும் ரியோவிலிருந்து கிடைக்கிறது. அங்கேயும் கப்போயிராவை மீட்க முயற்சிகள் நடந்தன. 1909இல் சிரியாகோ என்ற கறுப்பினக் கப்போயிரா வீரர் ஒரு ஜப்பானிய ஜுஜுட்சு வீரரை மேடையில் உதைத்து வீழ்த்தியதும் நகரமே கொண்டாடியது. எழுத்தாளர்கள் இதைத் தேசிய விளையாட்டாக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 1928இல் அனீபல் பர்லாமாக்கி, கப்போயிராவைத் தேசிய உடற்பயிற்சியாக விதிகளோடு வகுத்து நூல் எழுதினார். சின்யோசீன்யோ என்று அழைக்கப்பட்ட அஜெனோர் சம்பாயோ, வசதியான குடும்பத்து இளைஞர்களுக்கு இசையும் வட்டமும் இல்லாத, சண்டைக்கே உரிய கப்போயிராவைக் கற்றுத்தந்தார். 1949இல் பிம்பாவின் மாணவர்கள் ரியோவுக்குச் சென்று சின்யோசீன்யோவின் மாணவர்களோடு மோதினார்கள். பஹியாவிலிருந்து போனவர்கள் தோற்றார்கள். சண்டைத் திறன்தான் ஒரு கலையைக் காக்கும் என்றால் இன்று உலகெங்கும் நடப்பது சின்யோசீன்யோவின் கப்போயிராவாக இருந்திருக்க வேண்டும். அவர் 1962இல் இறந்தார். அவர் முறையும் ஏறத்தாழ அவரோடு நின்றுவிட்டது. வென்றது மறைந்தது, தோற்றது உலகை அடைந்தது. ரியோவில் அடக்குமுறை கடுமையாக இருந்ததே காரணம் என்று மறுக்கலாம். அடக்குமுறை பழைய கூட்டங்களை அழித்தது என்பது சரி. ஆனால் 1930களிலும் 40களிலும் சின்யோசீன்யோவை யாரும் வேட்டையாடவில்லை. வசதியும் செல்வாக்கும் அவர் பக்கம் இருந்தன. இல்லாதது வட்டம். பாடவும் வாத்தியம் மீட்டவும் முதியவரும் சிறுவரும் கூடி நிற்கவும் இடமிருந்தால்தான் உதைக்க முடியாத வயதிலும் ஒருவர் கப்போயிராவுக்குத் தேவைப்படுபவராக இருப்பார். சண்டையை மட்டும் கற்றவன் உடல் தளர்ந்ததும் விலகிவிடுகிறான். வட்டத்தில் வளர்ந்தவன் உடல் தளரத் தளர ஆசானாகிறான்.

இந்த வரலாற்றை இரு பெரிய மனிதர்களின் கதையாகச் சுருக்குவது அநியாயம் என்றொரு எதிர்வாதம் எழும். அது சரியான வாதம், என் கருத்தை வலுப்படுத்தும் வாதமும்கூட. லிபர்டாடேயில் ஆசான் வால்டெமார் அமைத்த கீற்றுக் கொட்டகையில் ஞாயிறுதோறும் கூடிய வட்டம் நகரத்தின் சிறந்த ஆட்டக்காரர்களையும் பாடகர்களையும் இழுத்தது. பெரிம்பாவுக்கு வண்ணம் தீட்டி விற்று அந்த வாத்தியத்தை ஊரறியச் செய்தவர்களில் முக்கியமானவர் அவர். பெசோரோவின் உறவினரான கோப்ரீன்யா வெர்டே அந்தத் தலைமுறையின் நினைவை அடுத்தவர்களுக்குச் சேர்த்தார். கஞ்சிக்கீன்யா மேடையிலும் திரையிலும் கப்போயிராவைக் கொண்டுபோனார். டேனியல் கூட்டீன்யோ என்ற ஆசான் நோரோன்யா, அதிகம் பள்ளிப்படிப்பு இல்லாத துறைமுக மனிதர், பழைய வட்டங்களையும் அவற்றின் ஆட்டக்காரர்களையும் பெயர் பெயராக எழுதிவைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1993இல் அது அச்சேறியது. ஜென்ஜிபிர்ராவில் கூடிய ஆசான்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி இப்படி எழுதப்பட்டவற்றால்தான். பெண்களின் இடம் இந்த வரலாற்றில் மிகக் குறுகியது. பழைய சால்வடோர் வட்டங்களில் ஆடிய சில பெண்களின் பெயர்கள் வாய்மொழியாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆசான் என்ற தகுதி பெண்களுக்குக் கிடைக்க இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் கட்டியவர்களைப் பற்றிய கணக்கு நேர்மையாகும்.

அரசு கொடுத்த அங்கீகாரம் எந்த அளவுக்கு உதவியது? 1940இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் கப்போயிரா குற்றமாக இல்லை. 1953இல் பிம்பா தன் மாணவர்களோடு சால்வடோரின் ஆளுநர் மாளிகையில் அதிபர் வர்காஸ் முன்னிலையில் ஆடினார். 1966இல் செனகலின் டாக்கரில் நடந்த முதல் உலகக் கறுப்பினக் கலை விழாவுக்கு, கண்பார்வை மங்கிய பஸ்தீனியாவை பிரேசில் தன் குழுவில் அனுப்பியது. புகைப்படங்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் ஆசான்கள் இடம்பெற்றார்கள். அதற்குப்பின் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் பெலோரீன்யோவின் பழைய கட்டடங்களைச் சீரமைப்பதாகச் சொல்லி, பஸ்தீனியாவின் மையத்தைக் காலி செய்ய வைத்தார்கள். திரும்பித் தருவதாகச் சொன்ன இடம் திரும்பவில்லை. பின்னாளில் அங்கே உணவகம் வந்தது. பாரம்பரியத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்ன வேலை, பாரம்பரியத்தைச் சுமந்த மனிதரை வெளியே அனுப்பியது. மனைவி ரொமேலியா அக்கரஜே பலகாரம் சுட்டு விற்ற வருமானத்தில் குடும்பம் ஓடியது. முற்றிலும் பார்வையிழந்த பஸ்தீனியா, முதியோர் விடுதியில் தங்க நேர்ந்து, 1981 நவம்பர் 13 அன்று தொண்ணூற்று இரண்டு வயதில் இறந்தார். பஹியா அரசு தன்னை ஒருபோதும் நினைக்கவில்லை என்ற மனக்கசப்போடு பிம்பா 1973இல் தொலைதூரக் கோயானியா நகருக்குப் போனார். அங்கே சொல்லப்பட்ட வாக்குறுதிகள் நிறைவேறவில்லை. 1974 பிப்ரவரி 5 அன்று வறுமையில் இறந்தார். பஹியாவின் கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் 1996இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தந்தபோது அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கலையைப் பாராட்டியவர்கள் கலைஞருக்கு வாடகையும் மருந்தும் தேவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அரசு கைவிட்ட பிறகும் கப்போயிரா தொடர்ந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கட்டடம் போனபின் பஸ்தீனியாவின் தலைமாணாக்கர்கள் சிதறினார்கள். ஜோவாவ் கிராண்டே பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தார், இரவில் சுற்றுலாப் பயணிகளுக்கான நாட்டுப்புறக் காட்சிகளில் ஆடினார். ஜோவாவ் பெக்கேனோ 1982இல் சாண்டோ அந்தோனியோ கோட்டையில் ஆசானின் மையத்தை மறுபடி திறந்தார். அந்தக் கோட்டை முன்பு சிறைச்சாலையாக இருந்தது. அவர்களிடம் பயின்ற ஆசான் மொராயிஸ் 1980இல் ரியோவில் ஓர் அங்கோலா குழுவைத் தொடங்கி, பின் சால்வடோருக்குக் கொண்டுவந்து, ஆட்டத்தையே விட்டு ஒதுங்கியிருந்த ஜோவாவ் கிராண்டேவை மீண்டும் கற்பிக்க அழைத்துவந்தார். 1990இல் ஜோவாவ் கிராண்டே நியூயார்க் சென்று அங்கே பயிற்சிக்கூடம் அமைத்தார். 2001இல் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் அவருக்குப் பாரம்பரியக் கலைஞருக்கான உயர்ந்த விருதை அளித்தது. கட்டடம், மானியம், சட்டப் பாதுகாப்பு என எதுவும் கைகொடுக்காத இடைவெளியில், ஆசானிடம் கற்றவர் ஆசானாகும் அந்த ஒரே ஒழுங்கு மட்டும் அறுபடாமல் நின்றது. பிம்பாவின் மாணவர்கள் வழியாகவும் அவருடைய பாடமுறையைப் பின்பற்றிய குழுக்கள் வழியாகவும் கப்போயிரா பிரேசில் முழுதும், பிறகு ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா எனவும் பரவியது. எந்த நாட்டில் கற்றாலும் உன் ஆசான் யார், அவருக்கு ஆசான் யார் என்ற கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த விடைகளில் மிகப் பல பிம்பாவிலோ பஸ்தீனியாவிலோ போய் முடிகின்றன.

2008ஆம் ஆண்டின் பதிவை இந்த ஒளியில் படிக்க வேண்டும். பாடகர் ஜில்பெர்ட்டோ ஜில் பண்பாட்டு அமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கிய ஓர் ஆய்வின் முடிவில், பாரம்பரிய நிறுவனம் கப்போயிராவை இரண்டு ஏடுகளில் தனித்தனியே பதிந்தது. வட்டம் வெளிப்பாட்டு வடிவங்களின் ஏட்டில். ஆசான்களின் பணி அறிவுகளின் ஏட்டில். முதிய ஆசான்களுக்குத் தனி ஓய்வூதியத் திட்டம் வேண்டும் என்ற பரிந்துரையும் உடன் வந்தது. 2014இல் கப்போயிரா வட்டம் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இதற்கிடையில் வேறொரு வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 1998இல் உடற்கல்வித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தபின், கப்போயிரா கற்பிப்போரும் உடற்கல்வி மன்றத்தில் பதிவுபெற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பல பத்தாண்டுகள் வட்டத்தில் வாழ்ந்த முதியவர் பட்டம் இல்லாததால் தன் வித்தையைக் கற்பிக்கக் கூடாதவர் ஆகிவிடுவார். ஆசான்கள் இதை எதிர்த்தார்கள். 2010இல் வந்த இனச் சமத்துவச் சட்டம், முறையாக அங்கீகரிக்கப்பட்ட மரபு ஆசான்கள் அரசு மற்றும் தனியார் பள்ளிகளில் கப்போயிரா கற்பிக்கலாம் என்று இடம் கொடுத்தது.

பட்டமும் சான்றிதழும் கேட்பதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. உலகெங்கும் கப்போயிரா விற்பனைக்கு வந்திருக்கும் இக்காலத்தில் சில மாதம் பழகியவரும் ஆசான் என்று பலகை மாட்டிக்கொள்கிறார். மாணவருக்கு உடற்காயம் ஏற்படலாம், ஏமாற்றம் நேரலாம். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்குரிய தடுப்பைக் கப்போயிரா ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கிறது. ஒருவர் ஆசானா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய ஆசானும், மற்ற ஆசான்களும், அவர் நடத்தும் வட்டமும். பாடத் தெரியாதவரை, வாத்தியம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தத் தெரியாதவரை, கோபம் கொண்டவனை அடக்கத் தெரியாதவரை அந்த வட்டமே காட்டிக்கொடுத்துவிடும். தசையும் எலும்பும் பற்றிய அறிவை உடற்கல்வியாளர் சொல்லித் தரலாம், ஆசான்கள் அதைக் கற்றுக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் யார் ஆசான் என்று சொல்லும் உரிமையை வெளியே கொடுத்தால், பிம்பாவும் பஸ்தீனியாவும் கட்டியதன் அடித்தளமே கையை விட்டுப் போய்விடும். அவர்கள் இருவருமே அந்தப் பதிவுக் கோரிக்கையின்படி கற்பிக்கத் தகுதியற்றவர்களாக இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் போதும்.

ஆகவே மரபு ஆசான்கள் விட்டுச்சென்ற சொத்து என்ன என்ற கேள்விக்கு, குறிப்பிட்ட உதைகளையோ தாளங்களையோ பதிலாகச் சொல்வது குறைவாகவே இருக்கும். உதைகள் மாறியிருக்கின்றன, இனியும் மாறும். பதிவேட்டில் இடமில்லாத மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு கல்வி அதிகாரத்தை உருவாக்கி, சட்டத்தின் பகையையும் அரசின் மறதியையும் தாண்டி அதைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அந்த அதிகாரம்தான் சொத்து. அதைக் காப்பதற்கான வழியும் இந்த வரலாற்றிலிருந்தே தெளிவாகிறது. விழாவும் பட்டியலும் மறைந்தபின் தரும் பட்டமும் ஆசான்களைக் காப்பாற்றியதில்லை. உயிரோடு இருக்கும் முதியவருக்கு மாத வருமானம், அவர் வட்டத்துக்கு யாரும் பிடுங்க முடியாத ஓர் இடம், பள்ளியில் நுழைந்து கற்பிக்கும் உரிமை ஆகிய மூன்றும் கிடைத்திருந்தால் பிம்பா கோயானியாவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை, பஸ்தீனியா முதியோர் விடுதியில் முடிந்திருக்க வேண்டியதில்லை. ஆசானின் பணியை அறிவு என்று ஏட்டில் எழுதிய நாடு, அந்த அறிவைச் சுமக்கும் மனிதருக்கு ஓய்வூதியம் கொடுக்கும்போதுதான் தான் எழுதியதை நம்புகிறது என்று பொருள்.